கோஷா ஷோ முடியுமுன்

"எங்க அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

கார்னிவல் கேட்டுக்கு வெளியே மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த சுப்பராமன் நிமிர்ந்து பார்த்தார். எதிரே வெள்ளை புர்கா ஒன்று நின்றுகொண்டிருந்தது. முகத்திரைக்குள்ளிருந்து வந்த குரலில் கெஞ்சல் இல்லை. எடை குறைந்ததைக் கடைக்காரனிடம் தட்டிக் கேட்கிற குரலாக இருந்தது அது. அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, என்ன பேர் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் புர்காவின் பின்னால் நின்ற அவள் அத்தா அப்துல் கய்யூம் கையை நீட்டி மைக்கை மூடிவிட்டார்.

"வேணாம் சாமி. பேரெல்லாம் வேணாம்."

புர்காவுக்குள் இருந்த நஸ்ருன்னிசாவுக்கு அது தெரியாததல்ல. அவர்கள் வீட்டில் பெண்பிள்ளைகளின் பேர் வாசலைத் தாண்டாது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் தகர டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருக்கும் அவளுடைய அத்தா, கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் தன் மனைவியைப் பேர் சொல்லி அழைத்ததில்லை. கடைப் பையன்களுக்கு அவள் 'வீட்ல'. ரேஷன்காரனுக்கு அவள் 'சம்சாரம்'. நஸ்ரு காலேஜில் சேர்ந்தபோது, வகுப்பில் பேர் கூப்பிடுவார்களாமே, கூப்பிடுகிறவர் ஆணா பெண்ணா என்று பெரியத்தா அக்பர் பாஷா ஒரு ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்தான் என்று தெரிந்த பிறகே அனுப்பினார்கள். அதுவும் வீட்டு வாசலிலிருந்து காலேஜ் வாசல்வரை புர்கா, திரை கட்டிய ரிக்‌ஷா என்கிற நிபந்தனையோடு. புர்கா இல்லாமல் ஒரு நாள் கண்ணில் பட்டால் படிப்பு அன்றோடு சரி என்றார் பெரியத்தா. நஸ்ரு பி.ஏ. முடித்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் ஆணோ பெண்ணோ யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. வருகிற மாதம் ராயப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை. அதற்கும் அதே நிபந்தனைதான்.

"அத்தா, கேட்டைத் திறக்கப் போறாங்க" என்றாள்.

கய்யூம் சாயபு கயிற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நெரித்துக்கொண்டு நிற்கும் ஆண்களைப் பார்த்தார். சூரியன் பரங்கிமலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் சைதாப்பேட்டை ஆற்றோர மைதானத்தில் அந்தக் கார்னிவல் வந்து இறங்கியிருந்தது. ராட்டினம், குதிரைச் சுற்று, கண்ணாடிக் கூடாரம், வளையம் எறிகிற கடைகள். சண்டைக் காலம் முழுக்க இருட்டில் கிடந்த பட்டணத்துக்கு, பட்டாளத்துக்காரன் விற்றுவிட்டுப் போன இன்ஜினை வைத்து ஊரெல்லாம் தெரியும்படி விளக்குப் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் பெண்களுக்கு மட்டுமான கோஷா ஷோ. அப்போது கம்பெனியின் ஆண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்களுடைய பெண்டுகள் எல்லாவற்றையும் நடத்துவார்கள். மைக்குக்காரர் கேட்டுக்கு வெளியே கீற்றுத் தடுப்பின் பின்னால் உட்கார்ந்து பேசுவார். அவர் குரல் மட்டும் குழாய்கள் வழியாக உள்ளே போகும். உள்ளே இருக்கும் ஒரே ஆண் இன்ஜின் வேலு. அவனைச் சுற்றி நாலு பக்கமும் தார்ப்பாய். அவனுக்கு ராட்டினம் தெரியாது, ராட்டினத்துக்கு அவனைத் தெரியாது. அவன் மணிக்கட்டில் ஒரு கயிறு. அதன் மறுமுனை அவன் பெண்சாதி சொர்ணத்தின் கையில். ஒரு இழுப்புக்கு ஓடும், இரண்டு இழுப்புக்கு நிற்கும். அந்தி சாய்ந்ததும் கோஷா ஷோ முடியும். கேட் எல்லோருக்கும் திறக்கும். அதற்குள் புர்காக்கள் வெளியேறி ஜட்கா வண்டியில் ஏறிவிட வேண்டும்.

நஸ்ருவின் அம்மா ஏறவில்லை.

வந்ததே அம்மாவின் ஆசையால்தான். பக்கத்து வீட்டு வஜீஹா போய் வந்து வர்ணித்ததிலிருந்து அம்மா சாடைமாடையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்று பகல் சாப்பாடு முடிந்த கையோடு, நஸ்ரு தலைவாரி முடிப்பதற்குள் புர்காவைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். உள்ளே நுழைந்ததும் ராட்டினத்தைக் காட்டி, ஏறலாமா என்றாள். நஸ்ரு சிரித்துவிட்டாள். உனக்கு எதற்கம்மா அதெல்லாம், தலை சுற்றி விழுவாய், இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திரு, நான் கண்ணாடிக் கூடாரத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று முறுக்குக் கடைப் பக்கம் உட்கார்த்திவைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது பெஞ்சில் வேறு யாரோ குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. பயம் பிறகு வந்தது. அம்மாவுக்கு வீட்டு விலாசம் தெரியாது. கச்சேரி ரோடு என்று தெரியும், எந்தச் சந்து என்று தெரியாது. திரைக்குள் உட்கார்ந்து போய்த் திரைக்குள் உட்கார்ந்து வருகிறவளுக்குச் சந்தின் பேர் எதற்கு? தெருவில் அந்நிய மனிதர் யார் எதைக் கேட்டாலும் வாய் திறக்காதே என்று சின்ன வயசிலேயே சொல்லி வளர்த்திருந்தார்கள். அதையும் அம்மா இன்றுவரை மீறியதில்லை. திறந்த கேட்டில் அந்தக் கூட்டம் உள்ளே பாய்கிறபோது அம்மா எங்கே நிற்பாள், யாரிடம் வழி கேட்பாள்?

நஸ்ரு மைதானத்தைச் சுற்றினாள். அம்மாவின் புர்காவுக்கு ஓர் அடையாளம் உண்டு. வலது கை விளிம்பு கிழிந்து நீல நூலால் தைத்திருக்கும். எங்கே பார்த்தாலும் வெள்ளை. அவள் முகங்களைப் பார்க்கவில்லை, கை விளிம்புகளைப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டு பேர் என்ன வேண்டும் என்று அதட்டினார்கள். ராட்டினத்தருகே வந்தபோது புர்காக்களைக் கழற்றிக் கயிற்றில் போட்டுவிட்டு ஏறியிருந்த பெண்கள் மேலேயும் கீழேயுமாய்க் கூவிக்கொண்டிருந்தார்கள். கிளிப்பச்சைப் பட்டுப் புடவை கட்டிய ஒருத்தி, தலைமயிர் அவிழ்ந்து பறக்க, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டு நஸ்ரு நகர்ந்துவிட்டாள்.

வளையக் கடை தேவானை கடையை அப்படியே போட்டுவிட்டு அவளோடு கூட வந்து தேடினாள். கண்ணாடிக் கூடாரத்தில், குதிரைச் சுற்றில், கக்கூஸ் தட்டிகளுக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடவில்லை. "பயந்துக்காத கண்ணு, இத்தினி பொம்பளைங்க கீறோம், ஒரு பொம்பளைய தொலச்சிடுவமா" என்றாள். மறுபடி ராட்டினத்துக்கு வந்தபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது சொர்ணம் இல்லை, தாயம்மா என்கிற கிழவி. சொர்ணம் எதற்கோ கூடாரத்துக்குப் போயிருக்கிறாள், தன்னை இங்கே நிறுத்திவிட்டாள், தான் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, எந்த அம்மாவையும் பார்க்கவில்லை என்றாள். பிறகுதான் நஸ்ரு கேட்டுக்கு ஓடி வந்தாள்.

சுப்பராமன் அவளையும் அவள் அத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, உன் தோப்பனார் வேண்டாங்கறார். அவரை மீறி நான் எப்படிச் சொல்றது? வேற மாதிரி சொல்லிப் பாக்கறேனே. சாயபு, கடைப் பேரைச் சொல்லலாமோல்லியோ?"

கடைப் பேருக்கு அத்தா தலையாட்டினார். மயிலாப்பூர் கச்சேரி ரோடு டிரங்குப் பெட்டிக் கடை சாயபு அவர்களின் வீட்டு அம்மாள் எங்கிருந்தாலும் கேட்டுக்கு வரவும், சாயபு காத்திருக்கிறார் என்று சுப்பராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தடவை சொன்னார். தெலுங்கில் ஒரு தடவை, தனக்குத் தெரிந்த உருதில் ஒரு தடவை. உள்ளேயிருந்து புர்காக்கள் இரண்டும் மூன்றுமாக வந்துகொண்டேயிருந்தன. அவரவர் ஜட்காவில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். திருவல்லிக்கேணிக் குடும்பம் ஒன்று பெரிய மூட்டையாகப் புர்காக்களை வாரிக்கொண்டு வந்து, கீற்றுத் தடுப்பின் மறைவில் பிரித்துப் போட்டுக்கொண்டு கிளம்பியது. அம்மா வரவில்லை.

ஜட்காக்காரர் பீர் முஹம்மது குதிரைக்குப் புல்லைக் காட்டிக்கொண்டே இந்தப் பக்கம் காதைக் கொடுத்திருந்தார். அவர் காதில் விழுந்தால் கச்சேரி ரோடு முழுக்க விழுந்த மாதிரி. அத்தா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.  அவர் பொல்லாத மனுஷர் இல்லை. ஆனால் அண்ணன் என்ன சொல்வாரோ, ஜமாத்தில் என்ன கேட்பார்களோ என்று ஐம்பது வயசிலும் பயந்துகொண்டிருப்பவர். அந்தப் பயம் அம்மாவை நினைத்து வந்ததா, பீர் முஹம்மதை நினைத்து வந்ததா என்று நஸ்ருவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நேரமாச்சு, திற, திற என்று சத்தம்.

அவள் சுப்பராமனின் முன்னாலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் தடுக்கவில்லை. விசையை மட்டும் தட்டி வைத்துவிட்டு, எழுந்து தன் முக்காலியை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

"ஜமீலுன்னிசா" என்றாள். குழாய்கள் மைதானத்தின் மூலைமூலையிலிருந்து அதைத் திருப்பிச் சொல்லின. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. "ஜமீலுன்னிசா. அம்மா, நான் நஸ்ரு பேசறேன். யார் மேலயும் கோவம் இல்ல. நீ எங்க இருக்கேன்னு யார்கிட்டயாவது சொல்லு."

விசில் நின்றது.  பிறகு யாரோ அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்துச் சிரித்தான். பீர் முஹம்மது புல்லைக் கீழே போட்டுவிட்டு இவர்களைப் பார்க்காதவர் போலக் குதிரையின் காதைத் தடவினார்.

"சொல்லிட்டே" என்றார் அத்தா. அவ்வளவுதான். முகம் சுண்டிப்போய், ஜட்காவின் பக்கத்தில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

சொர்ணம் ஓடி வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். உள்ளங்கைகளில் கயிறு அறுத்த காய்ப்பு.

"நீதான் பேசுனியா? வா, வா. உங்கம்மா எங்கூடாரத்துலதான் குந்திகினு கீது. பேரு கேட்டா சொல்லல, ஊரு கேட்டா சொல்லல. யார் வந்து கேட்டாலும் சொல்லாதன்னு என் கையப் புடிச்சிகினு அழுவுது. நான் இன்னா பண்றது? இப்ப பேரக் கேட்டதும் வாயப் பொத்திக்கிச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சிது."

நடந்ததை நடந்துகொண்டே சொன்னாள். ராட்டினம் ஏறுகிற எல்லோரையும் அவள் புர்காவைக் கழற்றிக் கயிற்றில் போடச் சொல்வாள். நெல்லூரில் ஒரு அம்மாவின் அங்கி அச்சில் சுற்றி, கொஞ்சம் தப்பியிருந்தால் கழுத்து போயிருக்கும். அந்தத் திருவல்லிக்கேணிக் குடும்பம் குதிரைச் சுற்றுக்குப் போகிற அவசரத்தில் கயிற்றில் கிடந்ததையெல்லாம் தங்களுடையது என்று அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. உன் அம்மா இறங்கி வந்து பார்த்தால் கயிறு காலி. போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே சாயபு காத்திருக்கிறார் என்று மைக்கில் சொன்னதும் இன்னும் உள்ளே போய் ஒடுங்கிக்கொண்டாள்.

நஸ்ரு நின்றுவிட்டாள்.

"எங்கம்மா ராட்டினத்துல ஏறினாங்களா?"

"ஏறுச்சா? எறங்கமாட்டேன்னு சொல்லிச்சு."

கூடாரத்துக்குள் சமையல் புகை. சுவரோரமாக ஒரு பெட்டியின் மேல், கிளிப்பச்சைப் பட்டுப் புடவையில், அவிழ்ந்த தலையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் சொர்ணம் கொடுத்த வெல்லத் தேத்தண்ணீர். குடிக்காமல் ஆறிப்போயிருந்தது. அந்தப் புடவையைப் பெட்டிக்குள் மட்டும்தான் நஸ்ரு பார்த்திருக்கிறாள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே அம்மா அதை உள்ளே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ராட்டினத்தின் மேலே நஸ்ரு இவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் போனாள். பெற்ற தாயின் முகம் வெயிலில் எப்படி இருக்கும் என்று தெரியாமல் பி.ஏ. வாங்கியிருக்கிறாள்.

"என் பேரை நீயா சொன்னே?" என்றாள் அம்மா.

"ஆமா."

"உங்க அத்தா கேட்டுக்கிட்டு இருந்தாரா?"

"இருந்தாரு."

அம்மா தேத்தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிக்காஹ் அன்னைக்கு ஓதி வச்ச ஹஜ்ரத் சொன்னாரு. அதுக்கப்புறம் ஆம்பளைங்க இருக்கிற எடத்துல என் பேரு இன்னைக்குத்தான் கேக்குது" என்றாள். அது குற்றச்சாட்டா வேறு ஏதாவதா என்று நஸ்ருவுக்குப் புரியவில்லை. "மேல போனா ஆறு கடல்ல போய்ச் சேர்ற வரைக்கும் தெரியுது, நஸ்ரு. எனக்குத் தலையெல்லாம் சுத்தல." பிறகு திடீரென்று முகம் கோணியது. "நான் எப்படி வெளிய வருவேன்? அத்தனை பேருக்கு முன்னால இப்படியே வந்தா அவர் செத்துப்போயிடுவாரு. நானும்தான்."

வெளியே கூச்சல் பெரிதாகிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறக்கச் சொல்லி முதலாளியே வந்து கத்துவதாகத் தேவானை ஓடி வந்து சொன்னாள். அடுத்த நிமிஷம் குழாய்களில் சுப்பராமனின் குரல் வந்தது. இன்ஜின் ரிப்பேர், பொது ஜனங்கள் தயவு செய்து பொறுத்தருள வேண்டும் என்றார். கூடாரத்தை ஒட்டிய தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் இன்ஜின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் தயங்கி, அதுவும் நின்றது.

"மைக்கு மாமா பொய் சொல்றாரு, நாம அத்த நெசமாக்கணும்ல" என்றது தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். வேலு. அவன் இந்தப் பக்கம் வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. "சொர்ணம், அந்தம்மாகிட்ட சொல்லு. நான் இன்ஜின ஓட்டாம வச்சிக்கினு கீறேன். வௌக்கு வராது. இந்தத் தார்ப்பாய அவுத்துக் குடுக்கறேன். நாலு பேரு நாலு மூலையப் புடிச்சிகினு நடுவால அவங்கள இட்டுகினு ஜட்கா வரைக்கும் போய்டுங்க. இருட்டுல எவனுக்கும் ஒண்ணியும் தெரியாது."

சொர்ணமும் தாயம்மாவும் ஏற்கெனவே முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள். தார்ப்பாய் முழுக்க இன்ஜின் கரி. அதைப் பார்த்துவிட்டுத் தேவானை தன் வீட்டுப் போர்வையை எடுத்து வந்து, பட்டுப் புடவையில் கரி ஒட்டாமல் இருக்க இதை உள்ளே சுற்றிக்கொள்ளுங்கள் என்று நீட்டினாள். யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிரில் இருப்பவள் யார், என்ன ஜாதி, என்ன மதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த நேரத்தில் இவர்கள் சம்பாதிக்க வேண்டிய காசு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. நஸ்ருவுக்குக் கோபம் வந்தது, இவர்கள் மேல் அல்ல.

அம்மா எழுந்து நின்றாள். தார்ப்பாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் கொஞ்சமும் குறையவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிற கறுப்புத் துணிக்குள் நடப்பது அவளுக்குப் பிணம் எடுத்துப் போகிற ஜனாஸா போலத் தோன்றியிருக்க வேண்டும்.

நஸ்ரு தன் புர்காவைக் கழற்றினாள்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அவள் அதை உதறி, அம்மாவின் தலைவழியாகப் போட்டு, முகத்திரையை இழுத்து நேராக்கியபோதுதான் அம்மாவுக்குப் புரிந்தது.

"அப்ப நீ?"

"நான் இப்படியே வர்றேன்."

"நஸ்ரு, வேலைக்கு உன்னை விடமாட்டாங்க. பெரியத்தா உன் தலையைப் பார்த்தாருன்னா அதோட சரி."

"தெரியும்மா."

சொர்ணம் அவள் தோளைத் தொட்டாள். "அப்ப நீ தார்ப்பாய்க்குள்ள வந்துடு கண்ணு. யாருக்குக் கட்டுனா இன்னா, அம்மாவுக்குக் கட்டுறத உனக்குக் கட்டுறோம். வௌக்கு இல்லாமதான் கீது. உங்க பேஜாரு உங்களுக்கு, எதுக்கு வம்பு?"

நல்ல யோசனைதான். நஸ்ரு அதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். இருட்டில், இந்த நல்ல பெண்களின் நடுவில், ஒருவரும் பார்க்காமல் ஜட்காவில் ஏறிவிடலாம். திரையை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். அடுத்த மாதம் ராயப்பேட்டைக்குப் போய் அம்மாக்களின் முகம் தெரியாத இன்னும் முப்பது பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லலாம். அப்புறம் எப்போதாவது ஒரு நாள் அம்மா மறுபடியும் தொலைந்துபோவாள். அவள் மறுபடியும் கை விளிம்பைத் தேடிக்கொண்டு போவாள்.

"வேணாங்கா" என்றாள். "வேலு அண்ணன இன்ஜின ஓட்டச் சொல்லுங்க. பாவம், எங்களுக்காக அவர் திட்டு வாங்கிக்க வேணாம்."

சொர்ணம் அவள் முகத்தைப் பார்த்தாள்.  தரையில் கிடந்த இன்ஜின் கயிற்றை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

அம்மா மட்டும் முகத்திரைக்குள்ளிருந்து, தலையிலாவது முந்தானையைப் போட்டுக்கொள்ளடி என்று அழுகிற குரலில் கேட்டாள். அதற்கு நஸ்ரு சம்மதித்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். முகத்தை மூடவில்லை. அவளுடைய புர்கா அம்மாவுக்கு அளவு குட்டை. கீழே கிளிப்பச்சைக் கரை ஒரு சாண் தெரிந்தது. அம்மா குனிந்து அதைப் பார்த்தாள். இழுத்து மறைக்கப் போனவள் விட்டுவிட்டாள்.

இன்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது. ராட்டினத்தின் உச்சியிலிருந்து வரிசையாக விளக்குகள் எரிந்துகொண்டே இறங்கி வந்தன. ஆற்றுக்கு அப்பால் பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. சுப்பராமன் அது முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை. கீற்றுத் தடுப்பு விலகிய இடைவெளியில் ஆண்களின் தலைகள். அவற்றுக்குப் பின்னால் ஜட்காவின் திரையைத் தூக்கிப் பிடித்தபடி, இந்தப் பக்கம் திரும்பாமல் அத்தா நின்றிருந்தார்.

நஸ்ரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தை விட்டு வெளியே வந்தாள். வெளிச்சம் நேரே முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேட்டைப் பார்த்து நடந்தாள்.